விதை வைக்காத உறை

பிளாவன்,
ஆகஸ்ட் 31, ஞாயிறு

அன்புள்ள எக்கார்ட்,

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. கைப்பேசியில் அனுப்பும் செய்திகளைப் படிக்கிறாய் என்பது தெரிகிறது, பதில்தான் இல்லை. ஆகவே பழைய வழிக்குத் திரும்பிவிட்டேன்: தாள், உறை, அஞ்சல் தலை. உறையை ஒட்டும் மடிப்பில் மூன்று சீமைச் சீரக விதைகளும் வைத்திருக்கிறேன். எண்பத்து நான்கில் நீ கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே போனதிலிருந்து எல்லை திறந்த நாள் வரை நாம் இருவரும் இப்படித்தான் வைத்தோம். மூன்றும் இருந்தால் கடிதத்தை யாரும் தொடவில்லை, ஒன்று குறைந்தாலும் யாரோ ஆவியில் காட்டித் திறந்திருக்கிறார்கள் என்று நம்பினோம். உன் அலுவலகத்தில் கடிதம் பிரிப்பவர்களிடம் சொல்லி வை. மேசையில் உதிர்வது எலிப் புழுக்கை என்று பயந்துவிடப் போகிறார்கள்.

முதலில் சண்டை. என் அறுபத்தெட்டாவது பிறந்தநாள் மேசையில், எல்லார் முன்னாலும், உன்னை நான் 'ஆவிக்காரன்' என்றேன். அஞ்சல் நிலையத்துப் பின்னறையில் உட்கார்ந்து நம் உறைகளைக் கெண்டிமேல் பிடித்தவனுக்கு நாம் வைத்த பெயர் அது. நீ கைத்துணியை மடித்து வைத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாய். ரொட்டிக் கடை ரமோனா சுட்டு வந்த பிளம் கேக் உன் தட்டில் அப்படியே இருந்தது. அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நீ பெர்லினில் நாடாளுமன்ற உறுப்பினன், ஆளும் கட்சியில் குழந்தைப் பாதுகாப்புக்கு நீதான் குரல். பிரஸ்ஸல்ஸிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அனுப்பியிருக்கும் சட்ட வரைவுக்கு நம் நாடு ஆமாம் சொல்வதா இல்லையா என்று உங்கள் கட்சி உறுப்பினர்கள் அக்டோபர் ஏழாம் தேதி கூடி முடிவெடுக்கப் போகிறார்கள். நீ எந்தப் பக்கம் கை தூக்குகிறாயோ அந்தப் பக்கம் பாதிப் பேர் தூக்குவார்கள் என்று செய்தித்தாள் சொல்கிறது.

அந்த வரைவை நான் இரண்டு முறை படித்தேன். எனக்குப் புரிந்த மட்டும் ஓர் உதாரணத்தில் சொல்கிறேன். 'நீங்கள் உறையை ஒட்டிய பிறகு நாங்கள் தொடவே மாட்டோம், சத்தியம். ஒட்டுவதற்கு முன்பு மட்டும் உங்கள் தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று படித்துக்கொள்வார்.' இதுதானே? குழந்தைகளைச் சீரழிப்பவர்களைப் பிடிக்கிறோம் என்று எல்லார் கைப்பேசியிலும் ஓர் இயந்திரம் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு வரியையும் அது போவதற்கு முன்பே பார்க்கும். சந்தேகம் வந்தால் மேலே சொல்லும்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து ரமோனாவும் நானும் பழைய சந்தைச் சதுக்கத்தில் மேசை போடப் போகிறோம். பள்ளிக்கூட வேலையை விட்டு வந்த பிறகு இவ்வளவு சுறுசுறுப்பாக நான் இருந்ததில்லை.

பதில் எழுது.

உன் அக்கா
கெர்லிண்டே


பெர்லின்,
செப்டம்பர் 3

மதிப்பிற்குரிய திருமதி ஃபெல்னர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. குடிமக்களின் கருத்துகளுக்கு நான் எப்போதும் உயர்ந்த மதிப்பளிக்கிறேன். தாங்கள் எழுப்பிய கேள்விகள் உரிய முறையில் பரிசீலிக்கப்படும். குழந்தைகளின் பாதுகாப்பும் தனிமை உரிமையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதே எனது உறுதியான நிலைப்பாடு.

தங்கள் உண்மையுள்ள,
எக்கார்ட் ஹெம்பெல்
நாடாளுமன்ற உறுப்பினர்


பிளாவன்,
செப்டம்பர் 7

எக்கார்ட்,

உன் அச்சடித்த கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான்கு வாக்கியம், ஒன்றிலும் ஆள் இல்லை. ஆறு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே நம் பள்ளிகளில் ஒன்றும் இல்லாததால்தான் ஆறு. சொந்த அக்காவுக்கு 'உண்மையுள்ள' என்று இயந்திரத்தால் கையெழுத்துப் போடுகிறவன், எல்லார் கடிதத்தையும் இயந்திரம் படிக்கலாம் என்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

கோபத்தை அதோடு நிறுத்துகிறேன். நேற்று நடந்ததைச் சொல்ல எனக்குக் கை பரபரக்கிறது.

ஒரு பழைய மீன் தொட்டியில் பத்தாயிரம் காய்ந்த பட்டாணி கொண்டு போனோம். எண்ணவில்லை. நூறு எண்ணி எடை பார்த்து, மீதியை ரமோனாவின் ரொட்டிக் கடைத் தராசில் நிறுத்தோம். தொட்டியை மேசைமேல் வைத்ததும் கூட்டம் தானாக வந்துவிட்டது. இவ்வளவு பட்டாணியைப் பார்த்தால் யாருக்குத்தான் கால் நிற்காது?

நான் சொன்னேன்: "இந்தத் தொட்டிதான் நம்ம ஊரு. இதுல பத்துப் பட்டாணி மட்டும் நிஜமாவே கெட்டதுன்னு வெச்சுக்குவோம். நம்ம இயந்திரம் ரொம்பக் கெட்டிக்கார இயந்திரம். நூறு தடவைக்கு ஒரே ஒரு தடவைதான் தப்புப் பண்ணும். கெட்ட பத்தையும் பிடிச்சிடுச்சு. ஆனா நல்லதுலயும் நூத்துக்கு ஒண்ணைப் பிடிச்சிடுச்சு. பத்தாயிரத்துல அது எத்தனை?"

ஒரு கிழவர் பின்னாலிருந்து, "நூறு," என்றார், வகுப்பில் எழுந்து நிற்பது போல.

ஆக, பிடிபட்டவை நூற்றுப் பத்து. அவற்றை ஒரு கிண்ணத்தில் போட்டு மேலே துணி மூடினோம். கெட்டதற்கு மட்டும் சிவப்புச் சாயம். கையை உள்ளே விட்டு, இயந்திரம் சந்தேகப்பட்டவர்களில் ஒருவரை வெளியே எடுக்க வேண்டும். வரிசை டிராம் நிறுத்தம் வரை போய்விட்டது, எக்கார்ட். இருநூறு பேருக்கு மேல் எடுத்தார்கள். சிவப்பு வந்தது பதினேழு முறை.

தீயணைப்பு நிலையத்து ஆள் ஒருவர் தன் பட்டாணியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்லதுதானே வந்திருக்கு? அப்போ விட்டுடுவாங்க இல்ல?"

"விடாம? விடுவாங்க," என்றாள் ரமோனா. "காலைல ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, உன் போனையும் கம்ப்யூட்டரையும் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயி, எதிர்வீட்டுக்காரி லேஸ் திரையை விலக்கி முழுசாப் பார்த்து முடிச்ச பிறகு விடுவாங்க. மன்னிப்புக் கடிதமும் வரும். திரைக்காரிக்கு யாரு கடிதம் போடுவா?"

அவர் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. அஞ்சலட்டை ஒன்று வாங்கி உன் பெயருக்கு எழுதினார். நேற்று மட்டும் நூற்று எண்பது அட்டைகள்.

இந்த முறை நீயே எழுது.

கெர்லிண்டே


பெர்லின்,
செப்டம்பர் 12

அக்கா,

அந்த அச்சுக் கடிதம் அலுவலகத்திலிருந்து வழக்கமாகப் போவது. நான் பார்க்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்ற எதற்கும் கேட்க மாட்டேன்.

நீ பட்டாணி எண்ணுகிறாய். நான் பத்தொன்பது வருடம் ஹானோவரில் குழந்தைகளுக்காக வழக்காடினேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி, பெயரை எழுத மாட்டேன், என் மேசைக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து தன் காலணிக் கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். அவளுடைய படங்கள் மூன்று ஆண்டுகளாக யார் யார் கைகளிலோ போய்க்கொண்டிருந்தன. அந்தப் படங்கள் போன ஒவ்வொரு வழியும் 'தனிப்பட்ட கடிதம்'தான். உன் தொட்டியில் அவள் எந்தப் பட்டாணி?

நம் நாட்டில் அன்று கடிதத்தைத் திறந்தவர்கள் தங்கள் நாற்காலியைக் காப்பாற்றத் திறந்தார்கள். நான் காப்பாற்ற நினைப்பது அவளை. இரண்டையும் ஒரே சொல்லால் அடித்தாய். அதுவும் என் மனைவி காரினை எதிரில் வைத்துக்கொண்டு.

இன்னொன்று. இது வெறும் எச்சரிக்கை மணிதான். மணி அடித்தால் ஒரு மனிதர் பார்ப்பார். தவறு என்றால் அங்கேயே முடிந்துவிடும். நிரபராதிக்கு அதில் நஷ்டம் என்ன? நீயும் நானும் அதே மணியைத்தானே ஐந்து வருடம் வைத்திருந்தோம்? மூன்று விதைகள். நமக்கு நல்ல காவலாக இருந்தன, யாரையும் காயப்படுத்தவில்லை. நான் கேட்பது அவ்வளவே.

அட்டைகள் மூட்டையாக வருகின்றன. என் செயலாளர் உன்னைப் பற்றி விசாரித்தார். வகுப்பில் நீ எப்படி என்று நான் சொல்லவில்லை.

எக்கார்ட்


பிளாவன்,
செப்டம்பர் 16

அன்புள்ள எக்கார்ட்,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சிவப்பு மையை எடுக்கவில்லை.

முதலில் அந்தக் குழந்தை. அவளை நான் எந்தக் கணக்கிலும் கழிக்கவில்லை. ஆனால் அவளை யார் கண்டுபிடித்தார்கள் என்று நீயே ஒரு முறை சொல்லியிருக்கிறாய். இயந்திரம் அல்ல, அவளுடைய வகுப்பாசிரியை. அந்தப் படங்களை எடுத்த ஆளின் பெயர் காவல் துறை மேசையில் பதினான்கு மாதம் கிடந்தது என்றும் சொன்னாய். ஏன் கிடந்தது? அந்தப் பிரிவில் இரண்டே பேர். அன்று மேசையைக் குத்தி, "ரெண்டு பேர், அக்கா, ரெண்டு பேர்!" என்றாயே. அந்த இரண்டு பேர் மேசையில் ஒவ்வொரு நாளும் நூறு நல்ல பட்டாணியைக் கொண்டுபோய்க் கொட்டினால், அடியில் கிடக்கும் அவளை எந்த மாதத்தில் பார்ப்பார்கள்? சந்தேகம் உள்ளவன் வீட்டுக்கு நீதிபதியின் உத்தரவோடு போகட்டும். அவனுடைய எல்லாவற்றையும் திறக்கட்டும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இனி, விதைகள். யாரையும் காயப்படுத்தவில்லை என்று எழுதியிருக்கிறாய். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை, வேறு யாரிடமும் இல்லை.

ரயில் நிலையச் சாலை வீட்டில் தரைத் தளத்தில் இருந்த திருமதி மீத்தை நினைவிருக்கிறதா? யார் வந்தார்கள், எத்தனை நாள் தங்கினார்கள் என்று எழுதும் வீட்டுப் பதிவேடு அவரிடம்தான் இருந்தது. நடையில் கடிதப் பெட்டிகள் உடைந்த பிறகு, எட்டுக் குடும்பத்துக் கடிதங்களையும் அஞ்சல்காரி அவரிடமே கொடுத்துவிட்டுப் போவாள்.

எண்பத்தாறு மார்ச்சில் உன் கடிதம் ஒன்று வந்தது. விதை இல்லை. உறையை வெள்ளைத் தட்டின்மேல் தட்டிப் பார்த்தேன். மடிப்பை நகத்தால் கீறினேன். ஒன்றுகூட இல்லை. கடிதத்தில் பெரிதாக எதுவும் இல்லை, உன் புது வீட்டுச் சன்னலில் தெரியும் மரத்தைப் பற்றி எழுதியிருந்தாய். மாடிப்படியில் இரண்டு பேரிடம் சொன்னேன்: "என் கடிதத்தை யாரோ திறந்திருக்காங்க. அது கீழதான் இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னேன். கூட்டிப் பார்த்தது அவர்கள். நான் கணக்காசிரியை, கூட்டட்டும் என்றுதான் சொன்னேன்.

ஒரு வாரத்தில் அவருக்கு வணக்கம் சொல்ல ஆளில்லை. வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு அவர் எங்கள் எல்லார் கதவிலும் ஸ்டோலன் என்னும் பழ ரொட்டி வைப்பார். அந்த வருடமும் வைத்தார். சாயங்காலத்துக்குள் எல்லாமே அவர் கதவுக்குத் திரும்பிப் போயிருந்தன. என்னுடையதையும் சேர்த்துத்தான். அடுத்த வசந்தத்தில் அவர் ஆவர்பாஹில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

தொண்ணூற்றிரண்டில் பழைய ரகசியப் போலீஸான ஸ்டாசி என்மேல் வைத்திருந்த கோப்பைப் படிக்கப் போனேன். நீ உன்னுடையதைக் கேட்கவே இல்லை, நான் கேட்டேன். நம் கடிதங்கள் நாற்பத்தொன்றின் நகல் அதில் இருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'மடிப்பில் விதைகள் மூன்று. திரும்ப வைக்கப்பட்டன.' புரிகிறதா? விதையோடு பத்திரமாக வந்தவை எல்லாமே திறந்து படிக்கப்பட்டவை. விதை இல்லாத அந்த ஒன்று மட்டும் கோப்பில் இல்லை. திருமதி மீத்தின் பெயரும் எங்கேயும் இல்லை.

நகல் தொலைந்திருக்கும், அவருக்கு வேறு கோப்பு இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். முப்பத்து மூன்று வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தைத் திறந்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெறும் மணி என்கிறாய். அடித்த மணியை யாராலும் திரும்பச் சுருட்டி வைக்க முடியாது, எக்கார்ட். எங்கள் படிக்கட்டில் எட்டுக் குடும்பம். உன் மணி நாற்பத்தைந்து கோடிப் பேர் படிக்கட்டில் அடிக்கப் போகிறது.

கெர்லிண்டே


பெர்லின்,
செப்டம்பர் 21

அக்கா,

யாரும் திறக்கவில்லை.

எண்பத்தாறு மார்ச்சில் நான் வீடு மாறினேன். நீயே எழுதியிருக்கிறாய், புது வீட்டுச் சன்னல் என்று. சமையல் சாமான் எல்லாம் பெட்டியில் கட்டிக் கிடந்தது, சீமைச் சீரக டப்பாவும் அதற்குள். காரின் கேட்டாள், நான்காவது பெட்டியா ஐந்தாவதா, பிரித்துத் தேடட்டுமா என்று. "ஒரு தடவைதானே, விடு" என்றேன். உறையை நக்கி ஒட்டி, எதிரே இருந்த அஞ்சல் பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டி மஞ்சளாக, மழையில் நனைந்திருந்தது. இப்போது எல்லாம் நினைவுக்கு வருகிறது. உன் கடிதத்தைப் படிக்கும்வரை ஒரு நாளும் நினைத்ததில்லை.

நேற்று காரினிடம் படித்துக் காட்டினேன். "அஞ்சாவது பெட்டி," என்றாள்.

திருமதி மீத் அந்தக் கடிதத்தை வாங்கி வைத்தார், உன்னிடம் கொடுத்தார். அவர் செய்ததெல்லாம் அதுதான்.

இரண்டு நாளாக என் உரையை எழுத உட்காருகிறேன். 'நிரபராதிக்கு நஷ்டமில்லை' என்ற வரி முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் பேனா போகவில்லை. ஆனால் அந்தக் காலணிக் கயிறும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஏழாம் தேதி எந்தப் பக்கம் கை தூக்குவேன் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் உயிரோடு இருக்கிறாரா?

எக்கார்ட்


பிளாவன்,
செப்டம்பர் 28

அன்புள்ள எக்கார்ட்,

இருக்கிறார்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. சமையலறையில் நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்தேன். பிறகு தொலைபேசிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஆவர்பாஹில் ஒரே ஒரு மீத். ரமோனா கடையைப் பாதியில் சாத்திவிட்டு, மாவு ஒட்டிய கையோடு வேனை எடுத்தாள். "நீ தனியாப் போனா பாதி வழியில திரும்பி வந்துடுவே, எனக்குத் தெரியும்" என்றாள். அவள் சொன்னது சரி.

அவருக்கு எண்பத்தெட்டு வயது. கதவைக் கையளவு திறந்து பார்த்தார்.

"யாரு?"

"கெர்லிண்டே. ரயில் நிலையச் சாலை, மூணாவது மாடி."

கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "கணக்கு டீச்சர்," என்றார். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. இவங்க யாரு, போலீஸா?"

"ரொட்டிக் கடைம்மா," என்றாள் ரமோனா.

எல்லாவற்றையும் சொன்னேன். விதைகள், வெள்ளைத் தட்டு, மாடிப்படி, கோப்பு, கடைசியில் உன் டப்பா. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ டப்பா பெட்டிக்குள்ள இருந்துச்சு."

"ஆமா."

"சீமைச் சீரக டப்பா."

"ஆமா."

சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரம் நிற்கவில்லை, எங்கள் இருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எண்பத்தஞ்சு ஈஸ்டருக்கு உங்க வீட்டுல மேற்குலேருந்து ஒரு பொண்ணு வந்து தங்கினா. செவப்புக் கோட்டு. அனுமதி ஒரு நாளைக்குத்தான், இருந்தது மூணு நாள். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பதிவேட்டுல நான் அவளை எழுதவே இல்ல."

அது காரின், எக்கார்ட். கல்யாணத்துக்கு முந்தைய உன் காரின். அவர் எழுதியிருந்தால் அவளைப் பிடித்திருப்பார்கள், உனக்கு அவளும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. நம் மணி அடித்தது அவர் கதவில்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" என்றார். "ஒரு தடவை கீழ இறங்கி வந்து, 'மீத் அம்மா, என் கடிதத்தைத் திறந்தீங்களா'ன்னு கேட்டிருந்தாப் போதும். கோபப்பட்டிருப்பேன். அப்புறம் காபி போட்டிருப்பேன். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு முப்பத்தொன்பது வருஷமா யோசிச்சிட்டு இருந்தேன். என் தங்கை சாகற வரைக்கும் கேட்டா, 'உண்மையைச் சொல்லு எடல்ட்ரவுட், ஏதாவது எழுதிக் கொடுத்தியா'ன்னு."

நான் மேசை விரிப்பின் மடிப்பை நீவினேன். அவர் கேட்டார்:

"மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு வந்தீங்களா?"

"இல்ல."

"நல்லது. இன்னும் சொல்லல. காபி குடிங்க."

பிறகு என் பையில் என்ன சத்தம் என்று கேட்டார். கிண்ணமும் பட்டாணியும் வேனில் இருந்து என்னோடு வந்துவிட்டிருந்தன, ஏன் என்று கேட்காதே, பதற்றத்தில் கையில் கிடைத்ததை எடுத்திருக்கிறேன். சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இயந்திரத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் துணிக்கடியில் கையை விட்டு ஒரு பட்டாணியை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயம் இல்லை.

"இது நான்," என்று சொல்லிவிட்டு, அதைத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று சனிக்கிழமை மேசையில் நூற்றொன்பது பட்டாணியோடுதான் நின்றோம். மழை பெய்தும் யாரும் நகரவில்லை. குடைகளுக்கு அடியில் உருளைக்கிழங்கு அடை தின்றுகொண்டே வரிசையில் நின்றார்கள். ஏன் ஒன்று குறைகிறது என்று கேட்டவர்களுக்கு, அவர் அனுமதித்ததை மட்டும் சொன்னேன். அட்டைகள் ஆயிரத்து முந்நூற்று நாற்பது. நாளை உன் வாசலுக்கு மூட்டையாக வரும். செயலாளரிடம் சொல்லி இடம் ஒதுக்கு.

கெர்லிண்டே


பெர்லின்,
அக்டோபர் 1 (அஞ்சலட்டை)

அக்கா, ஏழாம் தேதி நான் பேசும்போது திருமதி மீத்தின் பெயரைச் சொல்லலாமா? அவரிடம் கேட்டு எழுது. ஒரு முறை கேட்காமல் விட்டோம்.

எக்கார்ட்


ஆவர்பாஹ்,
அக்டோபர் 4 (அதே அட்டையின் நகலில், வேறு கையெழுத்தில்)

திரு. ஹெம்பெல், பெயரைச் சொல்லலாம். வயதைச் சொல்லக் கூடாது. உங்கள் அக்கா இப்போது என் சமையலறையில்தான் இருக்கிறாள், கேட்பதற்கென்றே பேருந்தில் வந்தாள். உங்கள் மனைவியின் சிவப்புக் கோட்டு எனக்குப் பிடித்திருந்தது.

எ. மீத்


பெர்லின்,
அக்டோபர் 8

அன்புள்ள அக்கா,

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். இன்னும் காது கணகணவென்கிறது.

என்னிடம் இரண்டு உரைகள் இருந்தன. ஒன்று எழுதி முடித்தது, ஆமாம் என்பது. இன்னொன்று எழுதாதது. என் பெயரைக் கூப்பிட்டதும் எழுதியதை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். முதலில் காலணிக் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "சீமைச் சீரகத்தைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எக்கார்ட், சமையல் குறிப்புக்கெல்லாம் நேரமில்லப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏனென்றால் உன்னைப் போல எனக்கும் எதிரில் சிரிப்பு கேட்டால்தான் தைரியம் வரும்.

திருமதி எடல்ட்ரவுட் மீத் என்று முழுப் பெயரையும் சொன்னேன். வயதைச் சொல்லவில்லை. விதை இருந்த கடிதங்கள் எல்லாம் திறக்கப்பட்டதையும், இல்லாத ஒன்று திறக்கப்படாததையும் சொன்னேன். கெட்டவர்கள் விதையைப் பார்த்துத் திரும்ப வைக்கக் கற்றுக்கொண்டார்கள், நல்லவர் ஒருவர் நான் சோம்பல்பட்ட ஒரு மழை நாளுக்காகத் தன் தெருவை இழந்தார் என்றேன். "அந்த மணியை அடிச்சது நான்தான். எனக்கு அது தெரிய முப்பத்தொன்பது வருஷம் ஆச்சு. நம்ம இயந்திரத்துக்கு அது எப்பவுமே தெரியாது." அவ்வளவு பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அறை இரைந்தது, அக்கா. மூன்று மணி நேரம். மூனிக்கிலிருந்து வந்த ஒருவர் எழுந்து, "என் போன்ல என் பேரன் குளிக்கிற படம் இருக்கு. நான் என்ன பட்டாணி?" என்றார். உன் பட்டாணி அங்கே எப்படிப் போனது என்று கேட்டால், என் செயலாளர் எல்லா உறுப்பினர் மேசையிலும் பட்டாணிக் கணக்கு எழுதிய உன் ஊர் அட்டை ஒவ்வொன்று வைத்திருக்கிறார். என்னைக் கேட்கவில்லை.

கை தூக்கினோம். பத்தொன்பது பேர் வித்தியாசத்தில் 'வேண்டாம்' என்று முடிவானது. பிரஸ்ஸல்ஸில் நம் நாடு இதற்குக் கை தூக்காது. அதே கூட்டத்தில் நான் கேட்டது கிடைத்தது: அந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்த மாதிரியான பிரிவுகளுக்குக் கூடுதலாக நூறு புலனாய்வாளர்கள், சந்தேகத்துக்குரியவர்களை மட்டும், நீதிபதியின் உத்தரவோடு சோதிக்க. அந்தக் குழந்தைக்கு நான் பட்ட கடன் இதில் தீர்ந்துவிடாது. ஆனால் முதல் முறையாக அது சரியான மேசைக்குப் போயிருக்கிறது.

இது இத்தோடு முடிந்தது என்று நினைக்காதே. வேறு பெயரில், வேறு உறையில் மறுபடி வரும். பட்டாணியைச் சூப்பு வைத்துவிடாதே.

சனிக்கிழமை காரினும் நானும் வருகிறோம். முதலில் உன் சதுக்கம், நானும் வரிசையில் நின்று ஒன்றை எடுக்கிறேன். பிறகு ஆவர்பாஹ். காரின் அந்தச் சிவப்புக் கோட்டைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள், பொத்தான் போட முடியவில்லை, தோளில் போட்டுக்கொண்டு வருகிறாள். திருமதி மீத் என்னை உள்ளே விடுவாரா என்று தெரியாது. விடாவிட்டால் வாசலில் நின்று சொல்லிவிட்டு வருகிறேன். ரமோனாவிடம் ஒரு பிளம் கேக் சொல்லி வை, என் தட்டில் மிச்சம் வைத்ததற்குப் பதிலாக.

இந்த உறையைத் தட்டின்மேல் தட்டிப் பார்த்திருப்பாய். மடிப்பை நகத்தால் கீறியும் இருப்பாய். விதை இல்லை. டப்பா என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இந்த முறை வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

உன் தம்பி
எக்கார்ட்